அத்தியாயம் 9: லாபம் காணாத வளர்ச்சிப் பங்கை எடை போடுவது

விற்பனை ஆண்டுக்கு 40 சதவீதம் ஏறுகிறது, கூடவே நட்டமும் ஏறுகிறது. இப்படி ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். எப்போது லாபம் வரும் என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும்வரை நிறுவனம் தாக்குப்பிடிக்கக் கையில் பணம் இருக்கிறதா, இல்லையென்றால் அந்தப் பணத்தை யார் தருவார்கள், அதற்காக உங்கள் பங்கின் அளவு எவ்வளவு சுருங்கும் என்பதுதான் முதல் கேள்வி.

2000 பிப்ரவரியில் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் பணம் திரட்டின. அமேசான் ஐரோப்பாவில் கடன் பத்திரங்கள் விற்று 69 கோடி யூரோ வாங்கியது. செல்லப்பிராணிகளுக்கான பொருட்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காம், பங்கு 11 டாலர் விலையில் ஐபிஓ கொண்டுவந்து சுமார் 8.25 கோடி டாலர் திரட்டியது. அடுத்த மாதமே டாட்காம் சந்தை சரியத் தொடங்கியது. பெட்ஸ்.காம் அந்த ஆண்டு நவம்பரில் கடையை மூடிவிட்டது. அமேசான் பங்கும் உச்சத்திலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் சந்தை சரிவதற்குச் சற்று முன் வாங்கி வைத்த பணம் கையில் இருந்ததால் நிறுவனம் நின்றது. 2001 கடைசிக் காலாண்டில் முதல் லாபத்தைக் காட்டியது.

தொடங்கும் முன் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

- கடைசி மூன்று ஆண்டறிக்கைகள்
- கடைசி நான்கு காலாண்டு முடிவுகள்
- கடைசி நான்கு காலாண்டுகளின் பங்குதாரர் பட்டியல்
- ஐபிஓ வந்து மூன்று ஆண்டுகளுக்குள் என்றால் ரெட் ஹெர்ரிங் பிராஸ்பெக்டஸ்

எல்லாம் என்எஸ்இ, பிஎஸ்இ இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். நிறுவனம் வெளியிடும் வண்ணப் பட விளக்கத்தைக் கடைசியில் படியுங்கள். அதை முதலில் படித்தால், அவர்கள் காட்ட விரும்பும் எண்களே மனதில் தங்கிவிடும்.

குறிப்பு: இந்தியாவில் இருப்புநிலைக் குறிப்பும் பணவோட்ட அறிக்கையும் ஆண்டுக்கு இருமுறைதான், செப்டம்பர், மார்ச் முடிவுகளோடு கட்டாயமாக வரும். ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் லாப நட்டக் கணக்கு மட்டுமே கிடைக்கும். எனவே முழுச் சோதனையை நவம்பரிலும் மே மாதக் கடைசியிலும் செய்யத் திட்டமிடுங்கள்.

படி 1: கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும்?

இந்த ஒரு படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

1. இருப்புநிலைக் குறிப்பிலிருந்து ரொக்கம், வங்கி வைப்பு, மியூச்சுவல் ஃபண்ட் போன்ற குறுகிய கால முதலீடுகள் மூன்றையும் கூட்டுங்கள்.
2. பின்னிணைப்புக் குறிப்புகளுக்குப் போய், வங்கி உத்தரவாதத்துக்காக அடமானம் வைத்த வைப்புத்தொகையைக் கழியுங்கள். பேமென்ட் நிறுவனம் என்றால், வணிகர்களுக்குப் பட்டுவாடா செய்ய வேண்டிய பணத்தையும் கழிக்க வேண்டும். அது நிறுவனத்தின் பணம் அல்ல.
3. அடுத்த 12 மாதங்களில் திருப்பிக் கட்ட வேண்டிய கடனைக் கழியுங்கள்.
4. பணவோட்ட அறிக்கையில் ‘செயல்பாடுகளிலிருந்து’ வெளியேறிய தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இயந்திரம், மென்பொருள், கிடங்கு போன்ற மூலதனச் செலவைச் சேருங்கள்.
5. கடை, கிடங்கு, அலுவலக வாடகையைச் சேருங்கள். இதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். 2019 ஏப்ரலில் இந்தியக் கணக்கியல் தரநிலை 116 வந்தபிறகு, நீண்ட கால வாடகையில் பெரும்பகுதி ‘நிதித் திரட்டல்’ பகுதியில் குத்தகைக் கடன் திருப்பிச் செலுத்தியதாகப் பதிவாகிறது. செயல்பாட்டுப் பணவோட்டத்தில் அது தெரியாது.
6. மேலே 3-இல் மிஞ்சிய தொகையை, 4, 5-இல் சேர்த்த ஆண்டுச் செலவால் வகுத்து 12-ஆல் பெருக்குங்கள்.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கையிருப்பு மொத்தம் 800 கோடி ரூபாய். செயல்பாட்டில் வெளியேறியது ஆண்டுக்கு 300 கோடி. மேலோட்டமாக வகுத்தால் 32 மாதம் தாங்கும். இப்போது சரியாகப் போடுவோம். அடமான வைப்பு 120 கோடி, இந்த ஆண்டு கட்ட வேண்டிய கடன் 130 கோடி. இரண்டும் போக மீதம் 550 கோடி. செலவுப் பக்கம் 300 கோடியோடு மூலதனச் செலவு 40, வாடகை 50 சேர்ந்து 390 கோடி. விடை 17 மாதம். அதே நிறுவனம், அதே அறிக்கைதான்.

என் அளவுகோல் இது. 36 மாதத்துக்கு மேல் என்றால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம். 18-க்குக் கீழே என்றால், ஓராண்டுக்குள் பணம் திரட்டியே ஆக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சந்தை நன்றாக இருக்கும்போது திரட்டுவார்களா, மோசமாக இருக்கும்போது திரட்ட நேருமா என்பது அவர்கள் கையிலும் இல்லை.

தவறு: பணம் குறைவாக வெளியேறியதால் நிர்வாகம் சிக்கனமாகிவிட்டது என்று முடிவுகட்டுவது. பொருள் தந்தவர்களுக்குப் பாக்கி வைத்தாலும் பணவோட்டம் அழகாகத் தெரியும். ஆண்டறிக்கையில் ‘வணிகக் கடன்கள்’ குறிப்பில் எத்தனை ஆண்டுப் பாக்கி என்ற வயதுவாரி அட்டவணை இருக்கும். பழைய பாக்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், சின்னச் சப்ளையர்களின் பணத்தில் நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கிறது.

படி 2: நட்டம் எதற்காக வருகிறது?

நட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு விற்பனையிலும் சிறிது மிஞ்சுகிறது, ஆனால் புதிய ஊர்களில் கிளை திறப்பதும் தொழில்நுட்பமும் அதைத் தின்றுவிடுகின்றன என்றால் வளர்ச்சி அந்த நட்டத்தைக் குறைக்கும். ஒவ்வொரு விற்பனையிலுமே நட்டம் என்றால் வளர வளர நட்டமும் வளரும். பெட்ஸ்.காம் பல பொருட்களை அடக்க விலைக்கும் கீழே விற்றது.

நிறுவனங்கள் ‘பங்களிப்பு லாபம்’ என்று ஒரு எண்ணைத் தரும். அதில் என்னென்ன செலவைக் கழித்தார்கள் என்று அடிக்குறிப்பில் பாருங்கள். வாடிக்கையாளருக்குத் தந்த தள்ளுபடி, டெலிவரி ஊழியர் கூலி, பேமென்ட் கட்டணம், கிடங்கு வாடகை ஆகிய நான்கும் கழிக்கப்பட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

அடிக்குறிப்பு குழப்பினால் நேரடியான சோதனை ஒன்று இருக்கிறது. ஓராண்டில் வருமானம் எத்தனை கோடி கூடியது, மொத்தச் செலவு எத்தனை கோடி கூடியது என்று இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். உணவு டெலிவரி நிறுவனமான ஜொமாட்டோவை எடுத்துக்கொள்வோம். 2021-22-இல் செயல்பாட்டு வருமானம் சுமார் 4,192 கோடி, செலவு 6,205 கோடி. அடுத்த ஆண்டு வருமானம் 7,079 கோடி, செலவு 8,475 கோடி. வருமானம் ஏறத்தாழ 2,887 கோடி கூடியபோது செலவு 2,270 கோடிதான் கூடியது. இன்னும் நட்டம்தான், ஆனால் இடைவெளி மூடிக்கொண்டு வந்தது. நடுவில் பிளிங்கிட் நிறுவனத்தை வாங்கிச் சேர்த்ததால் இந்த வளர்ச்சி முழுவதும் சொந்த வளர்ச்சி அல்ல என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஓராண்டு மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று ஆண்டுகளும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

படி 3: ‘சரிசெய்த எபிட்டா’வைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது

எபிட்டா என்பது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். ‘சரிசெய்த எபிட்டா லாபத்துக்கு வந்துவிட்டோம்’ என்ற அறிவிப்பு வந்ததும் பங்கு ஏறும். அந்த நாளில் வாங்காதீர்கள். அன்று மாலை உட்கார்ந்து, அவர்கள் விலக்கிவைத்த செலவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்.

1. ஊழியர் பங்குத் திட்டச் செலவு, அதாவது ஈசாப்
2. நீண்ட கால வாடகை (எபிட்டாவில் இது வட்டியாகவும் தேய்மானமாகவும் மாறி மறைந்துவிடும்)
3. ‘ஒருமுறை செலவு’ என்று பெயர் சூட்டியவை. மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தால் அது ஒருமுறைச் செலவே அல்ல.

பேமென்ட் நிறுவனமான பேடிஎம் 2022 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் ‘ஈசாப் செலவுக்கு முந்தைய எபிட்டா’ 31 கோடி ரூபாய் லாபம் என்று அறிவித்தது. அதே காலாண்டின் நிகர நட்டம் 392 கோடி. இரண்டு எண்களையும் நிறுவனமே வெளியிட்டது, ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எதைப் பார்த்து வாங்கினோம் என்பது நம் பொறுப்பு. ஈசாப் செலவில் பணம் வெளியே போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஊழியருக்குப் போகும் பங்கு உங்கள் பங்கின் அளவைக் குறைத்துத்தான் வருகிறது. அதனால் நான் அதை முழுச் செலவாகவே எடுத்துக்கொள்வேன்.

முதல் நிகர லாபம் வரும்போதும் இதே கவனம் தேவை. 2023 ஏப்ரல்–ஜூனில் ஜொமாட்டோ 2 கோடி ரூபாய் நிகர லாபம் காட்டியது. அந்தக் காலாண்டில் முதலீடுகளிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் வந்த ‘இதர வருமானம்’ 181 கோடி. அதையும் சேர்த்த பிறகும் வரிக்கு முன் 15 கோடி நட்டம். 17 கோடி வரி வரவு வந்து சேர்ந்துதான் 2 கோடி லாபமானது. அடுத்தடுத்த காலாண்டுகளில் லாபம் தொடர்ந்தது, 2023-24 முழு ஆண்டுக்கு 351 கோடி லாபம் வந்தது. அந்த ஆண்டின் முதல் காலாண்டு மட்டும் கையில் இருந்திருந்தால், லாபத்துக்குத் திரும்பிவிட்டது என்று சொல்ல அது போதியிருக்காது.

படி 4: உங்கள் பங்கு எவ்வளவு சுருங்கும்?

1. மூன்று ஆண்டறிக்கைகளிலிருந்தும் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையை எடுத்து வரிசையாக எழுதுங்கள். இடையில் போனஸ், பங்குப் பிரிப்பு நடந்திருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள்.
2. வழங்கப்பட்டும் இன்னும் பங்காக மாறாத ஈசாப்களைச் சேருங்கள்.
3. படி 1-இல் பணம் போதாது என்று தெரிந்தால், திரட்ட வேண்டிய தொகைக்கு எத்தனை புதிய பங்கு தேவைப்படும் என்று இரண்டு விலைகளில் கணக்கிடுங்கள்: இன்றைய விலை, அதில் பாதி.

நம் கற்பனை நிறுவனத்தின் சந்தை மதிப்பு 12,000 கோடி என்று வைப்போம். 800 கோடி திரட்டினால், இன்றைய விலையில் புதியவர்களுக்குப் போவது 6.25 சதவீதம். விலை பாதியானபின் திரட்டினால் கிட்டத்தட்ட 11.8 சதவீதம்.

நடந்த ஒன்றையும் பாருங்கள். 2022 ஜூனில் பிளிங்கிட்டை வாங்க ஜொமாட்டோ ஒரு பங்குக்கு 70.76 ரூபாய் விலையில் 62.85 கோடி பங்குகள் தர முடிவுசெய்தது. அவற்றின் மதிப்பு 4,447 கோடி. 2024 நவம்பரில் அதே நிறுவனம் நிறுவன முதலீட்டாளர்களுக்கு 252.62 ரூபாய்க்குப் பங்கு விற்று 8,500 கோடி திரட்டியது. அதற்குத் தேவைப்பட்டவை சுமார் 33.6 கோடி பங்குகள் மட்டுமே. ஏறத்தாழ இரண்டு மடங்கு பணம், பாதியளவு பங்கு. பணத்துக்கு அவசரம் இல்லாத நிறுவனம் விலை நன்றாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். படி 1-இன் விடை இங்கே வந்துதான் பலன் தருகிறது.

ஐபிஓ-வில் வாங்குவோருக்கு: திரட்டும் பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். 2021-இல் ஜொமாட்டோ திரட்டிய 9,375 கோடியில் 9,000 கோடி நிறுவனத்துக்குச் சென்றது. பேடிஎம்மின் 18,300 கோடியில் 8,300 கோடிதான் நிறுவனத்துக்கு. மீதி 10,000 கோடி பழைய பங்குதாரர்களுக்கு. நிறுவனத்துக்குப் போகும் பகுதியை மட்டும் படி 1-இன் கையிருப்பில் சேர்க்கலாம். இன்னொரு அடையாளம்: செபியின் லாபத் தகுதியை எட்டாத நிறுவனம் ஐபிஓ-வில் குறைந்தது 75 சதவீதத்தைப் பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். சில்லறை முதலீட்டாளர்களுக்கு அதிகபட்சம் 10 சதவீதம். விண்ணப்பத்தில் ‘சில்லறை 10%’ என்று கண்டால் இந்த அத்தியாயம் முழுவதும் அதற்குப் பொருந்தும்.

படி 5: தணிக்கையாளர் எழுதியதைப் படிப்பது

ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் அறிக்கைக்குப் பின்னால் ‘காரோ 2020’ என்ற உத்தரவின்படி ஓர் இணைப்பு இருக்கும். அதில் அடுத்தடுத்த மூன்று கூறுகள் நமக்காகவே எழுதியவைபோல இருக்கும். 17-வது கூறு இந்த ஆண்டும் சென்ற ஆண்டும் ரொக்க நட்டம் வந்ததா என்று சொல்லும். 18-வது கூறு தணிக்கையாளர் எவராவது பதவி விலகினாரா என்று சொல்லும். 19-வது கூறு ஓராண்டுக்குள் கட்ட வேண்டியவற்றைக் கட்டும் திறனில் பெரிய ஐயம் உண்டா என்று சொல்லும்.

19-இல் ஐயம் தெரிவித்திருந்தால் அந்தப் பங்கை அங்கேயே விட்டுவிடுங்கள். தணிக்கையாளர் பதவிக்காலம் முடியும் முன் விலகியிருந்தாலும் அப்படியே. பைஜூஸ் பட்டியலிடப்படாத நிறுவனம்தான். ஆனால் கணக்குகள் தாமதமாவது, பிறகு தணிக்கையாளர் விலகுவது என்ற வரிசையை அங்கே பார்த்தோம். 2023 ஜூனில் டெலாய்ட் விலகியது, கூடவே மூன்று இயக்குநர்களும் விலகினர்.

படி 6: எண்ணில் தெரியாத ஆபத்து

ஒரே உரிமம், ஒரே கூட்டாளி, ஒரே பெரிய வாடிக்கையாளர் ஆகிய மூன்றில் எது போனாலும் தொழில் நின்றுவிடுமா என்று கேளுங்கள்.

பேடிஎம் பங்கின் ஐபிஓ விலை 2,150 ரூபாய். 2021 நவம்பரில் பட்டியலான அன்றே சுமார் 27 சதவீதம் விழுந்தது. பெரிய அடி பின்னால் வந்தது. 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி, பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிய வைப்புகளை ஏற்பதையும் வாலட்டில் பணம் ஏற்றுவதையும் தடைசெய்யும் உத்தரவைப் போட்டது. அடுத்த இரண்டு வர்த்தக நாட்களும் பங்கு 20 சதவீத லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட இறக்க வரம்பில்) முடிந்தது. விற்க நினைத்த பெரும்பாலானோருக்கு விற்க வழியில்லை. ஆனால் அந்த வங்கி புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சிலேயே உத்தரவிட்டிருந்தது. எல்லோரும் படித்த செய்திதான் அது. கட்டுப்பாட்டாளர் விதித்த தடை ஒன்று மாதக்கணக்கில் விலகாமல் இருந்தால், அதை ஆறிய செய்தியாக நினைக்காதீர்கள். உங்கள் தாளில் திறந்த ஆபத்தாக எழுதி வையுங்கள்.

பங்குதாரர் பட்டியலில் புரொமோட்டர் அடகு வைத்த பங்குகளின் சதவீதத்தையும் பாருங்கள். நட்டக் கம்பெனியில் அடகு இருந்தால் நான் தொடமாட்டேன்.

லாக்-இன் முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் ஐபிஓ-வுக்கு முந்தைய முதலீட்டாளர்களின் ஓராண்டுத் தடை முடிந்ததும் ஜொமாட்டோ பங்கு சில நாட்களில் 40 ரூபாய்ப் பக்கம் இறங்கியது. 76 ரூபாய்க்கு ஐபிஓ-வில் வாங்கியவர்கள் கலங்கிப்போனார்கள். அப்போது நிறுவனத்தின் கையில் ஐபிஓ பணத்தின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. விலை விழுவதும் நிறுவனம் நொடிப்பதும் வேறு வேறு. எது நடக்கிறது என்று சொல்ல படி 1 செய்த தாள் ஒன்று வேண்டும்.

படி 7: இன்றைய விலை என்ன எதிர்பார்க்கிறது?

லாபம் இல்லாததால் பி/ஈ விகிதம் பயன்படாது. பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நம் கற்பனை நிறுவனத்தின் விற்பனை 1,000 கோடி, சந்தை மதிப்பு 12,000 கோடி.

1. விற்பனை ஏழு ஆண்டுகள் இடைவிடாமல் 25 சதவீதம் வளர்ந்தால்: சுமார் 4,770 கோடி
2. நிகர லாபம் 10 சதவீதம் எட்டினால்: 477 கோடி
3. அதற்குச் சந்தை 30 மடங்கு விலை தந்தால்: சுமார் 14,300 கோடி
4. பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 3 சதவீதம் கூடினால், இன்றைய பங்குகளின் பங்கு: சுமார் 11,600 கோடி

ஏழு ஆண்டுகள் எல்லாம் நல்லபடியாக நடந்தும் போட்ட பணம் முழுதாகத் திரும்பவில்லை. இந்த வளர்ச்சி நடக்கும் என்று நீங்கள் நம்பினாலும் இந்த விலை அதிகம். எதிர்பார்ப்பை 35 சதவீதத்துக்கு உயர்த்தி விடையை அழகாக்கத் தோன்றும். மூன்று ஆண்டுகளின் உண்மையான வளர்ச்சிக்கு மேலே ஒரு புள்ளியும் போடாதீர்கள்.

படி 8: எவ்வளவு வாங்குவது, எப்போது விடுவது

- ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாதவர் இந்த வகைப் பங்குக்குள் வர வேண்டாம்.
- பங்கு முதலீட்டில் ஒரு நட்டக் கம்பெனிக்கு 3 சதவீதம், இந்த வகை எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 சதவீதம் என்பது என் உச்சவரம்பு.
- மார்ஜின் கடனில் வாங்காதீர்கள். லோயர் சர்க்யூட்டில் ஸ்டாப் லாஸ் வேலை செய்யாது. கடன் மட்டும் நிற்கும்.
- விலை குறைந்தது என்பதற்காக மட்டும் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்யாதீர்கள். புதிய அரையாண்டு அறிக்கை வந்து படி 1-ஐ மறுபடி போட்ட பிறகே கூடுதலாக வாங்கலாம்.
- டெலிகிராம், வாட்ஸ்அப் குழுவில் வந்த பெயர் என்றால், பரிந்துரைத்தவரின் செபி பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் சரிபாருங்கள். எண் இல்லை என்றால் குழுவிலிருந்து வெளியேறுங்கள்.

வாங்கும் நாளிலேயே, விற்கும் காரணங்களை ஒரு தாளில் எழுதித் தேதி போடுங்கள்: கையிருப்பு 12 மாதத்துக்குக் கீழே போவது, தொடர்ந்து இரண்டு அரையாண்டுகள் வருமானத்தைவிடச் செலவு அதிகமாகக் கூடுவது, தணிக்கையாளர் அல்லது தலைமை நிதி அதிகாரி காரணம் சொல்லாமல் விலகுவது, கட்டுப்பாட்டாளரின் புதிய தடை. இவற்றில் ஒன்று நடந்தால் அன்றைய விலை எதுவானாலும் பாதியை விற்றுவிட்டு, மீதியை அடுத்த அறிக்கை வந்ததும் முடிவுசெய்யுங்கள். இரண்டு நடந்தால் முழுவதையும் விற்றுவிடுங்கள்.